சிறை என்னும் ஒரு சொல்லும் ஆங்கிலத்தின் பல சொற்களும்

மேல்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பில் நான் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் ஆங்கிலம் அறிந்தவன் என்னும் பெயர் எனக்கு இருந்தது. வங்கியிலிருந்து வரும் கடிதம், மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு ஆகியவற்றைப் படித்துச் சொல்ல என்னைத்தான் அழைப்பார்கள். அந்தப் பெருமையில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அத்தையின் மகன் லாரியில் கிளீனராக வேலை பார்த்து வந்தார். பேருந்து நிலையத்தருகே ஓர் இரவு நடந்த அடிதடியில் அவரையும் சேர்த்து நால்வரைக் காவலர்கள் பிடித்துச் சென்றனர். இரண்டு நாள் கழித்துத் தேநீர்க் கடைக்கு வந்த ஓர் ஆங்கில நாளேட்டில் அதைப் பற்றி நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. நால்வரும் பதினைந்து நாள் ‘ஜுடிஷியல் கஸ்டடி’க்கு ‘ரிமாண்ட்’ செய்யப்பட்டனர் என்பது அதன் சாரம். அத்தை அந்த ஏட்டை என்னிடம் நீட்டி, “என்னப்பா போட்டிருக்கு?” என்று கேட்டார். “பதினஞ்சு நாள் ஜெயில் தண்டனை அத்தை. முடிஞ்சதும் விட்டுருவாங்க” என்று நான் சற்றும் தயங்காமல் சொன்னேன்.

பதினைந்தாம் நாள் அத்தை புது வேட்டியும் சட்டையும் வாங்கிக்கொண்டு, முதல் பேருந்தில் ஏறி, மத்திய சிறையின் வாயிலில் போய் நின்றார். மாலை வரை நின்றவரிடம் வாயிற்காவலர் ஒருவர், “உங்க மகனுக்குத் தண்டனையே இல்லம்மா, ரிமாண்டுதான். கேஸே இன்னும் ஆரம்பிக்கல” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இரவு கடைசிப் பேருந்தில் திரும்பிய அத்தை நேரே எங்கள் வீட்டிற்கு வந்தார். “தண்டனை இல்லேன்னா ஏம்ப்பா விடல?” என்று என்னைக் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அதற்குள் நான் சொன்ன ‘தண்டனை’ என்னும் சொல் தெரு முழுதும் பரவி, லாரி உரிமையாளரின் காதுக்கும் எட்டி, அவர் வேறொரு கிளீனரை அமர்த்திவிட்டிருந்தார்.

நான் பிழை செய்ததன் காரணத்தை என் பழைய குறிப்பேட்டிலேயே காணலாம். ‘சிறை’ என்று தலைப்பிட்டு, அதன்கீழ் ஜெயில், பிரிஸன், கஸ்டடி, டிடென்ஷன், ரிமாண்ட், இம்ப்ரிஸன்மென்ட் என ஆறு சொற்களை ஒருபொருட் பன்மொழிகளாக எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. வாழ்க்கைக்குப் போதவில்லை. இச்சொற்கள் ஒரே பொருளைத் தருவன அல்ல. ஒரு மனிதன் பிடிபட்ட நேரத்திலிருந்து வெளியே வரும் நேரம் வரை நடக்கும் வழியில் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு மைல்கல். ஆகவே அகர வரிசையை விட்டுவிட்டு, அந்த வழியின் வரிசையிலேயே இவற்றைக் கற்போம்.

பிடிபடுதல்

முதற் சொல் ‘அரெஸ்ட்’. பழைய பிரெஞ்சு மொழியில் நிறுத்துதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து இது ஆங்கிலத்திற்கு வந்தது. இதயம் நின்றுபோவதை மருத்துவர்கள் ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பதை நினைவிற் கொண்டால் பொருள் மறக்காது. நடந்துகொண்டிருந்தவனை நிறுத்துவதே அரெஸ்ட். அவன் குற்றவாளி என்று அச்சொல் எங்கும் சொல்லவில்லை.

அடுத்தது ‘கஸ்டடி’. காவலன் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. நம் ‘காவல்’ என்னும் சொல்லுக்குள்ள இரட்டைப் பொருள் இதற்கும் உண்டு. மணவிலக்கு வழக்கில் குழந்தையின் கஸ்டடி தாய்க்கு என்று தீர்ப்பானால் அங்கே காவல் என்பது பாதுகாப்பு. கைதானவன் கஸ்டடியில் இருக்கிறான் என்றால் அங்கே காவல் என்பது தடுப்பு. ஆயினும் அங்கும் அவனுடைய உயிருக்கும் உடலுக்கும் வைத்திருப்பவரே பொறுப்பு என்னும் பொருள் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

நம் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு, கைது செய்யப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அதுவரை அவர் ‘போலீஸ் கஸ்டடி’யில் இருக்கிறார். நடுவர் அவரைச் சிறைக்கு அனுப்பினால் அது ‘ஜுடிஷியல் கஸ்டடி’ ஆகிறது. முன்னதில் காவல் நிலையம், பின்னதில் சிறைச்சாலை. இரண்டிலும் தண்டனை என்பதற்கு இடமே இல்லை.

காத்திருத்தல்

‘ரிமாண்ட்’ என்பதே என்னை வீழ்த்திய சொல். திருப்பி அனுப்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விசாரணை முடியவில்லை, இவரை மீண்டும் காவலுக்கே அனுப்புகிறேன் என்று நடுவர் சொல்வதே ரிமாண்ட். வழக்கமாக ஒரு முறைக்குப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் தவணை தரப்படும். தவணை முடிந்ததும் மீண்டும் நடுவர் பார்ப்பார், நீட்டிக்கவும் செய்யலாம். ஆக, செய்தியில் வந்த பதினைந்து நாள் என்பது தவணைக் கணக்கு. நான் அதைத் தண்டனைக் கணக்காக்கிவிட்டேன்.

அத்தை கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் விடை கூற முடியும். தண்டனை இல்லாமலும் ஒருவர் சிறையில் இருக்க நேரும். அத்தகையவரை இந்திய ஆங்கிலம் ‘அண்டர்டிரையல்’ என்கிறது. தமிழில் ‘விசாரணைக் கைதி’ என்கிறோம். இவர்கள் சிலரே என்று எண்ணிவிட வேண்டாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் ஏறத்தாழ 5 இலட்சத்து 73 ஆயிரம் பேர். அவருள் ஏறத்தாழ 4 இலட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, சிறைக்குள் இருக்கும் நால்வரில் மூவர்மீது குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. சிறையில் இருப்பவரெல்லாம் குற்றவாளிகள் என்று பேசுவோர் நால்வரில் மூவரைப் பற்றித் தவறாகப் பேசுகின்றனர்.

‘டிடென்ஷன்’ என்பது பிடித்து நிறுத்திவைத்தல். வருகைப் பதிவு குறைந்த மாணவரைத் தேர்வெழுத விடாமல் ‘டிடெயின்’ செய்வார்கள் என்பதை நம் கல்லூரியில் அறியாதார் இலர்! சிக்னலில் நிற்கும் ரயிலையும் ‘டிடெயின்’ ஆகிவிட்டது என்கிறோம். ஆனால் ‘பிரிவென்டிவ் டிடென்ஷன்’ என்பது விளையாட்டில்லை. ஒருவர் செய்த குற்றத்திற்காக அன்றி, செய்யக்கூடும் என்னும் ஐயத்தின்பேரில், வழக்கு விசாரணை இன்றியே நிர்வாக ஆணையால் அடைத்துவைப்பது அது. செய்தித்தாள்கள் ‘குண்டர் சட்டம்’ என்று குறிப்பிடும் 1982-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இவ்வகையைச் சேர்ந்தது. அதன்கீழ் 12 மாதம் வரை வைத்திருக்கலாம். இவ்வாறு வைக்கப்பட்டவரை ‘டெட்டின்யூ’ என்பர். அவர் அண்டர்டிரையலும் அல்லர், கன்விக்டும் அல்லர்.

தீர்ப்பும் தண்டனையும்

‘கன்விக்ட்’ என்னும் சொல் விசாரணை முடிந்து, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகே வரவேண்டும். இதில் ஒலிப்பும் கவனிக்கத்தக்கது. பெயர்ச்சொல்லாக, தண்டனைக் கைதியைக் குறிக்கும்போது முதல் அசையில் அழுத்தம். வினைச்சொல்லாக, குற்றவாளி எனத் தீர்ப்பதைக் குறிக்கும்போது இரண்டாம் அசையில் அழுத்தம்.

‘சென்டென்ஸ்’ என்றால் இலக்கண வகுப்பில் வாக்கியம், நீதிமன்றத்தில் தண்டனை. இரண்டுக்கும் மூலம், கருத்து என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் சொல். நீதிபதி தம் கருத்தை முடிவாக உரைப்பதே சென்டென்ஸ். முதலில் கன்விக்‌ஷன், பிறகு சென்டென்ஸ். இவ்வரிசை மாறாது.

‘இம்ப்ரிஸன்மென்ட்’ என்பது பொதுவாகச் சிறைவைத்தலைக் குறித்தாலும், நம் சட்ட நூலில் அது தண்டனையின் பெயர். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதை இரு வகையாக்கியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதாவும் அப்பிரிவைக் காத்துவருகிறது. ஒன்று ‘ரிகரஸ்’, மற்றொன்று ‘சிம்பிள்’. ரிகரஸ் என்பதை நாம் ‘கடுங்காவல்’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். அதனால் காவல் கடுமையாக இருக்கும் என்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். சட்டம் சொல்லும் வேறுபாடு காவலில் இல்லை, உழைப்பில் இருக்கிறது. ரிகரஸ் என்றால் கடின உழைப்போடு கூடிய சிறை. சிம்பிள் என்றால் அவ்வுழைப்பு விதிக்கப்படாத சிறை. கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ. சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்ததை நினைத்தால் இவ்வேறுபாடு மறக்காது.

அப்பெருமகனாருக்கு 1908-இல் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிமன்றம் விதித்த தண்டனையின் பெயர் வேறு. அது ‘டிரான்ஸ்போர்ட்டேஷன்’, அதாவது நாடு கடத்தல். இன்று போக்குவரத்தைக் குறிக்கும் அதே சொல்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, அவர் அந்தமானுக்கு அனுப்பப்படாமல் கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் அடைக்கப்பட்டு 1912 டிசம்பரில் வெளிவந்தார். பிரிட்டன் தன் சொந்தக் கைதிகளையே 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றியதும் இப்பெயரால்தான். இந்தியச் சட்டத்திலிருந்து இச்சொல் 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கி, அவ்விடத்தில் ‘இம்ப்ரிஸன்மென்ட் ஃபார் லைஃப்’ வந்தது. ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று பலரும் சொல்வதுண்டு. ஆயுள் என்றால் வாழ்நாள் முழுவதுமே என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே தெளிவுபடுத்தியுள்ளது. அரசு தண்டனையைக் குறைத்தாலன்றி அது தானாக முடிவதில்லை.

இன்னும் இரு சொற்கள் தேர்விலும் வரும், செய்தியிலும் வரும். ஒருவருக்கு ஐந்து ஆண்டு, மூன்று ஆண்டு என இரு தண்டனைகள் கிடைத்தால், அவை ‘கன்கரன்ட்’ எனில் இரண்டும் ஒருசேர ஓடும்; ஐந்து ஆண்டில் முடியும். ‘கன்செக்யூடிவ்’ எனில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், எட்டு ஆண்டாகும். ஒரு சொல்லில் மூன்றாண்டு வாழ்வு அடங்கியிருக்கிறது!

கட்டடங்கள்

‘பிரிஸன்’ பிடித்தல் என்னும் கருத்திலிருந்து பிறந்த சொல். ‘ஜெயில்’ கூண்டு என்னும் கருத்திலிருந்து பிறந்தது. ‘கேஜ்’ என்னும் சொல்லுக்கு உறவு. நம் நாட்டில் இரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே ஆள்கிறோம். அமெரிக்காவிலோ விசாரணைக்குக் காத்திருப்போரும் குறுகிய தண்டனை பெற்றோரும் இருப்பது ஜெயில், நீண்ட தண்டனை பெற்றோர் இருப்பது பிரிஸன். பழைய பிரிட்டிஷ் நூல்களில் ஜெயிலை ஜி-ஏ-ஓ-எல் என்னும் எழுத்துகளால் எழுதியிருப்பார்கள். 1895-இல் சிறை சென்ற ஆஸ்கார் வைல்டு, ரெடிங் நகரச் சிறையைப் பற்றி 1898-இல் வெளியிட்ட நெடும்பாட்டின் தலைப்பில் அவ்வெழுத்துகளே உள்ளன. எப்படி எழுதினாலும் ஒலிப்பு ‘ஜெயில்’ என்பதே. முதலாண்டில் நான் அதை ‘கோல்’ என்று உரக்கப் படித்து வகுப்பையே சிரிக்க வைத்தேன்.

‘செல்’ என்பது சிற்றறை. துறவிகளின் மடத்து அறைக்கும் அதுவே பெயர். 1906-இல் கட்டி முடிந்த போர்ட் பிளேர்ச் சிறை ஏறத்தாழ 700 தனியறைகளால் ஆனது. அதனாற்றான் அதற்கு ‘செல்லுலார்’ என்று பெயர். ‘பெனிடென்ஷியரி’ என்னும் அமெரிக்கச் சொல் கழுவாய் என்னும் கருத்திலிருந்து வந்தது. தனிமையில் வைத்தால் மனம் திருந்தும் என்னும் நம்பிக்கையில் 1829-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் அத்தகைய சிறையொன்றைத் திறந்தனர். 1842-இல் அதைப் பார்வையிட்ட சார்லஸ் டிக்கன்ஸ், தனிமை மனத்தைச் சிதைக்கிறதென்று கடுமையாக எழுதினார். சிறையின் கொடுமை அவர் அறியாததன்று. அவருக்குப் பன்னிரண்டு வயதாயிருந்த 1824-இல் அவர் தந்தை கடனுக்காக இலண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைபட்டார். சிறுவன் டிக்கன்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தான். நம் மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கியதற்கென்றே ஒரு காதை இருப்பதை இங்கு ஒப்பிட்டு எண்ணுதல் தகும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ‘வார்டர்’ சிறைக்காவலர்; ‘வார்டன்’ அமெரிக்காவில் சிறையின் தலைவர், நமக்கோ விடுதிக் காப்பாளர். விடுதி மாணவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன்.

வெளியே வரும் வழிகள்

தமிழில் ‘விடுதலை’ என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கிறோம். ஆங்கிலம் அவற்றைப் பிரித்துவைத்திருக்கிறது. விசாரணை தொடங்குமுன்பே வழக்கிற்கு அடிப்படை இல்லையென விடுவிப்பது ‘டிஸ்சார்ஜ்’. விசாரணை முடிந்து, குற்றவாளி அல்லர் எனத் தீர்ப்பது ‘அக்விட்டல்’. எக்காரணத்தாலும் உடல் வெளியே வருவது ‘ரிலீஸ்’. தண்டனை முழுதும் அனுபவித்தவரும் ரிலீஸ் ஆகிறார். குற்றமற்றவரும் ரிலீஸ் ஆகிறார். செய்தித்தாளில் ‘விடுதலை’ என்று படித்தால் இம்மூன்றில் எது என்று கேட்டறிதல் வேண்டும்.

‘பெயில்’ வழக்கு நடக்கும்போதே பிணையின்பேரில் வெளியே இருத்தல். ‘பரோல்’ தண்டனைக் கைதி தற்காலிகமாக வெளியே வருதல். பிரெஞ்சில் அச்சொல்லுக்கு ‘வாக்கு’ என்று பொருள். திரும்பி வருவேன் என்று கொடுக்கும் வாக்கு. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு விதிகள் இதை ‘லீவ்’ என்றே குறிக்கின்றன. ‘ரெமிஷன்’ தண்டனையின் அளவு குறைதல். ‘கம்யூட்டேஷன்’ தண்டனையின் வகை மாறுதல். தூக்கு ஆயுளாவது இதனால்தான்.

இச்சொற்களோடு வரும் முன்னிடைச்சொற்களையும் சேர்த்தே கற்க வேண்டும். அரெஸ்டட் ‘ஃபார்’, அக்யூஸ்டு ‘ஆஃப்’, சார்ஜ்டு ‘வித்’, கன்விக்டட் ‘ஆஃப்’, சென்டென்ஸ்டு ‘டு’, அக்விட்டட் ‘ஆஃப்’. நிலையைச் சொல்லும்போது ‘அண்டர்’ அரெஸ்ட், ‘இன்’ கஸ்டடி, ‘ஆன்’ ரிமாண்ட், ‘ஆன்’ பெயில், ‘ஆன்’ பரோல். ‘அட் லார்ஜ்’ என்றால் பெரிய என்று பொருளில்லை. இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

‘தி’ என்னும் சிறு சொல்

இறுதியாக, மிகச் சிறிய சொல்லொன்றைக் கூறி முடிக்கிறேன். ‘இன் பிரிஸன்’ என்றால் கைதியாகச் சிறையில் இருத்தல். ‘இன் தி பிரிஸன்’ என்றால் வேறு காரியமாக அந்தக் கட்டடத்திற்குள் இருத்தல். கைதி இருப்பது ‘இன் பிரிஸன்’. அவருக்கு எழுத்தறிவிக்கச் செல்லும் ஆசிரியர் இருப்பது ‘இன் தி பிரிஸன்’. இவ்விதியை இலக்கண வகுப்பில் பேராசிரியர் விளக்கிய அன்று, எனக்குப் புது வேட்டி சட்டைப் பொட்டலத்தோடு வாயிலில் நின்ற அத்தையின் நினைவு வந்தது. மகன் போனது ‘டு பிரிஸன்’. தாய் போனது ‘டு தி பிரிஸன்’.

அவ்வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. இடையில் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரின் முயற்சியால் பெயில் கிடைத்தது. இறுதியில் அண்ணன் அக்விட் செய்யப்பட்டார். கைதை வெளியிட்ட நாளேட்டில் அது செய்தியாக வரவில்லை. நான் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு லாரி உரிமையாளரிடம் சென்று, அக்விட்டட் என்னும் சொல்லுக்கு விரல் வைத்துப் பொருள் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். “நீதானே தம்பி அன்னைக்குத் தண்டனைன்னு சொன்னே?” என்றார். வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அண்ணன் இப்போது வேறொரு ஊரில் செங்கல் லாரியில் போகிறார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள். நாளை நம் தெருவிலும் யாரேனும் ஒரு தாய் ஒரு தாளை நீட்டி, என்னப்பா போட்டிருக்கு என்று கேட்பார். அப்போது மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொண்ட பிறகே வாய் திறப்போம். தீர்ப்பு வந்துவிட்டதா? குறித்திருக்கும் நாள் தவணையா, தண்டனையா? வைத்திருக்கும் ஆணை யாருடையது? மூன்றுக்கும் அத்தாளில் விடை இல்லையெனில், தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்போம். அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கலாம்.